டார்ச் லைட் இன்னும் பரிசோதனையில் இருக்கிறது

மோகனசுந்தரத்தை முதன்முதலாகச் சந்தித்தது பட்டப்பகலில், கும்மிருட்டில்.

வாளையாரில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டோரமாக ஜின்சன் என்பவர் ஒரு எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு பல்பு வாங்கலாமென்று அங்கே நுழைந்தபோது, வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், விரல் நீளத்தில் ஒரு எல்.இ.டி. டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு, நகைக்கடையில் தோட்டுக்குத் திருகு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சொருகிக்கொள்கிற சைஸ். விலையும் சட்டைப் பை தாங்குகிற விலைதான். வேறு யாராவது என்றால் இதற்குள் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், தொலைத்தும் இருப்பார்கள். இவர் அமுக்கினார். எரிந்தது. அணைத்தார். கண்ணுக்கு நேரே பிடித்து மறுபடி அமுக்கினார். கண் கூசியது. திருப்தி இல்லை.

"வெளிச்சத்துல வச்சு வெளிச்சத்தப் பாத்தா என்னங்க தெரியும்?" என்றார். "ஷட்டரச் சித்த இறக்குங்க."

ஜின்சன் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. ஜின்சன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஷட்டரை இறக்கினார். உள்ளே மாட்டிக்கொண்டது நான்கு பேர்: கடைக்காரர், வேட்டிக்காரர், ஃபியூஸ் வாங்க வந்த ஒரு லாரி டிரைவர், நான். கூரையில் வட்டமாக ஒரு வெளிச்சம் ஊர்ந்து போய் மூலையில் நின்றது.

"அதா, செலந்தி. காலு தெரியுதுங்களா?"

தெரிகிறது என்றோம்.

"எல்லாக் காலுமா?"

"அண்ணாச்சி, வண்டிய ரோட்டுலயே போட்டுட்டு வந்திருக்கேன்" என்றது டிரைவரின் குரல்.

"சேட்டா, மதி. போதும். கடை நடத்தணும்" என்றார் ஜின்சன்.

"அட இருங்க. இந்த அட்டையில லூமன்னு என்னமோ போட்டிருக்குது. ஆருக்காச்சும் தெரியுங்களா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படி ஏறிய முதல் ஆள் நான், பிசிக்ஸ். படித்து முடித்த நாளிலிருந்து ஒரு மனிதரும் என்னைப் பிசிக்ஸில் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஷட்டர் இறக்கிய கடையில், முகம் தெரியாத ஒருவர் கேட்டார். வெளிச்சத்தை அளக்கிற அலகு என்று விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"செரிங்க தம்பி" என்றார் கடைசியில். "ஆனா அதயும் நாம ஒருக்காப் பாக்கோணும்."

ஷட்டர் ஏறியபோது அவர் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்தது. அன்றைக்கு அவர் டார்ச்சை வாங்கவில்லை. மறுநாள் போய் இன்னொரு முறை ஷட்டரை இறக்கச் சொல்லி, அதற்கும் மறுநாள் வாங்கினார்.

இந்த இனத்துக்குப் பரிசோதகர் என்று பெயர். சர்க்கார் நியமித்த பரிசோதகர் இல்லை, பிறவிப் பரிசோதகர். பேரம் பேசுகிறவரோடும் குறை சொல்கிறவரோடும் இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேரம் பேசுகிறவருக்கு விலை குறைந்தால் போதும். குறை சொல்கிறவருக்குக் கேட்க ஆள் இருந்தால் போதும். பரிசோதகருக்கு எதுவும் போதாது.

நீங்களும் நானும் ஒரு பொருளை உபயோகிப்பதற்காக வாங்குகிறோம். பரிசோதகர் அப்படி அவசரப்பட மாட்டார். வீட்டுக்குள் நுழைந்த பொருள் அன்றுமுதல் விசாரணைக் கைதி. அதைத் தட்டுவார், முகர்வார், காதில் வைத்துக் குலுக்குவார், வெயிலில் வைப்பார், பனியில் வைப்பார், தராசில் வைப்பார், வீட்டுக்கு வந்தவர் போனவர் கையிலெல்லாம் கொடுத்து "எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்கிற பதிலைக் காதில் வாங்காமல் திரும்ப வாங்கிக்கொள்வார். குறை கண்டுபிடிக்கிற வரைக்கும் பரிசோதனை முடியாது. குறை கண்டுபிடித்துவிட்டாலோ, பொருள் உதவாது. சரி, இரண்டுக்கும் நடுவில் வீட்டில் யாராவது அதை எடுத்து உபயோகித்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? பரிசோதனையில் இருக்கிற பொருளில் கை வைக்கலாமா? நல்ல கதை.

மோகனசுந்தரத்தின் வீட்டுப் பரணில் ஏறினால் இதன் சரித்திரம் முழுக்கக் கிடைக்கும். அங்கே ஒரு பிளாஸ்க் இருக்கிறது. சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதற்காக அதில் வெந்நீர் ஊற்றி, அடிக்கடி மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். திறந்து திறந்து பார்த்ததிலேயே வெந்நீர் ஆறிப்போனது. ஆறிப்போகிற பிளாஸ்க் என்று தீர்ப்பாகி மேலே போனது. பக்கத்தில் ஒரு குடை. அதை நல்ல மழை நாளில் வாசலில் விரித்து வைத்து, அடியில் ஒரு செய்தித்தாளைப் போட்டு, தாள் நனைகிறதா என்று வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் மனைவி செல்லாத்தாள் உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குடையைத் தாண்டி, மாட்டுக்குப் புல் அறுக்கப் போனார்.

தாள் நனையவில்லை.

இப்போது டார்ச்சுக்கு வருவோம். அது யாருக்காக வாங்கப்பட்டது என்பதை அந்த வீட்டில் ஒருவர் மட்டும் மறக்கவில்லை.

செல்லாத்தாளுக்கு இரண்டு கறவை மாடுகள். தினமும் விடிவதற்கு முன்னால் கறந்து, இரண்டு கேனில் ஊற்றி, கைக்கொரு கேனாகத் தூக்கிக்கொண்டு, வாய்க்கால் மேட்டு வழியாக நடந்து பால் சொசைட்டியில் ஊற்ற வேண்டும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் காடு. ராத்திரி காட்டுப்பன்றி இறங்கி மேட்டைக் கிளறிக் குழி குழியாகப் போட்டுவிட்டுப் போகும். மழை முடிந்த மாசங்களில் விரியன் படுத்திருக்கும். தென்னந்தோப்புப் பக்கம் எப்போதாவது ஆனை வந்து நிற்கும். இரண்டு கையிலும் பால். வெளிச்சத்துக்குச் செல்லாத்தாள் செய்த ஏற்பாடு, செல்போன் விளக்கைப் போட்டு, போனைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வது. அந்த வெளிச்சத்தில் தென்னை மட்டை தெரியும், மின்கம்பி தெரியும், கம்பியில் உட்கார்ந்திருக்கிற ஆந்தை தெரியும். நடக்கிற பாதை தெரியாது.

அதனால்தான் கேட்டார்: "ஏனுங்க, கையில புடிக்காம சொருகிக்கற மாதிரி சின்னதா ஒரு லைட்டு வாங்கியாங்க."

மோகனசுந்தரம் கெட்டவர் இல்லை. உடனே கிளம்பினார். மூன்று நடை நடந்து வாங்கியும் வந்தார். பின்பக்கம் கிளிப் வைத்த, போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுகிற, எடையே தெரியாத டார்ச். ஒரு முறை அமுக்கினால் பளிச்சென்று எரியும். இன்னொரு முறை அமுக்கினால் மங்கலாகும். இன்னும் ஒரு முறை அமுக்கினால் ஆம்புலன்ஸ் மாதிரி விட்டு விட்டு மின்னும். அதற்கடுத்த அமுக்கில்தான் அணையும். "ஒரு லைட்டுல மூணு லைட்டு" என்று அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

செல்லாத்தாள் அதை வாங்கி ஸ்வெட்டரின் கழுத்துப் பக்கம் சொருகிப் பார்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார். விழவில்லை. வெளிச்சம் நேராகக் காலடியில் விழுந்தது.

"நாளைக்கு வெடியாலயே இதப் போட்டுட்டுப் போறனுங்க."

"நாளைக்கா?" என்று கேட்டார் மோகனசுந்தரம், பச்சைக் குழந்தையைப் பஸ்ஸில் தனியாக அனுப்பச் சொன்னது மாதிரி. "இன்னும் ஒண்ணுமே பாக்கலியே."

"என்னத்தப் பாக்கறது? எரியுதல்லோ."

"எரியறது எல்லாந்தான் எரியும்" என்று சொல்லிவிட்டு டார்ச்சை அவர் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டார்.

மாட்டுக் கட்டுத்தரைச் சுவரில் அடித்துப் பார்த்தார். வட்டம் வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நசுங்கி இருக்கிறதோ என்று தோன்றியது. சுவர்தான் நசுங்கி இருக்கிறது என்பது சுண்ணாம்பு அடித்தபிறகு தெளிவாயிற்று. ஆம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. அப்புறம் தென்னை உச்சிக்கு அடித்துக் குலையில் காய் எண்ண முடிகிறதா என்று பார்த்தார். பக்கத்துத் தோட்டத்து நாச்சம்மாள் "ஆரது மரத்துல?" என்று கூப்பாடு போட்டபடி ஓடி வந்து, பரிசோதனை என்று தெரிந்ததும் திரும்பிப் போனார். நெஞ்சு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்தார், எரிந்தது. சாணி மெழுகின தரையில் போட்டுப் பார்த்தார். சிமெண்டில் எரிந்தது சாணியில் எரியாதா என்று கேட்கத் தெரிந்தவர்கள் இந்த இனத்தின் மனசை அறியாதவர்கள்.

அடுத்தது தண்ணீர். மாட்டுத்தொட்டியின் அடியில் டார்ச்சை எரியவிட்டுப் போட்டுவிட்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். குமிழி வரவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்க வந்த சிவலை மாடு, தொட்டிக்குள்ளிருந்து நிலா மேலே எட்டிப் பார்ப்பதைக் கண்டு மூக்கை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. அன்றைக்கு முழுக்க அது தொட்டிப் பக்கமே போகவில்லை. மறுநாள் ஒரு கேன் அரைக் கேனாயிற்று.

"பாலக் கெடுத்துட்டீங்க" என்றார் செல்லாத்தாள்.

"தண்ணி உள்ள பூகுலியே, பாத்தியா?" என்றார் மோகனசுந்தரம்.

அந்த வட்டாரத்துத் தோட்டக்காரர்கள், ஆனை இறங்கினால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காக ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் தினமும் சாயங்காலம் மோகனசுந்தரம் சுவரில் விழுந்த வெளிச்ச வட்டத்தைப் படமெடுத்துப் போடத் தொடங்கினார். "இன்று பன்னிரண்டடி தூரத்தில்." "இன்று மழைத் தூறலில்." ஒருவர் பொறுக்கமாட்டாமல், இது ஆனைக்கான குரூப்புங்க என்று எழுதினார். "ஆனையப் பாக்கறதுக்கும் லைட்டு வேணுமல்லோ" என்று பதில் போனது. மறுக்க முடியுமா? பலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, குரூப்பைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் இந்தச் சோதனைகளுக்கெல்லாம் தலைச்சோதனை ஒன்று உண்டு: முழு சார்ஜில் எவ்வளவு நேரம் எரிகிறது? இதைப் பகலில் பார்க்க முடியாது; பகலில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறதே. எனவே சாப்பாட்டுக்குப் பிறகு நடு வீட்டில் கோழிக்கூடையைக் கவிழ்த்து, அதற்குள் டார்ச்சை எரியவிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். கூடையின் இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாகச் சுவரெல்லாம் படர்ந்திருக்கும். அது வைகறை வரைக்கும் ஜம்மென்று எரியும். செல்லாத்தாள் பால் கறந்து முடித்துக் கேனை மூடுகிற நேரத்துக்குச் சரியாக அணையும். தினமும். ஒரு நாள் தவறியதில்லை.

மோகனசுந்தரம் எழுந்து வந்து கூடையைத் தூக்கிப் பார்த்து, "பரவால்ல, வெடியற வரைக்கும் நின்னுருக்குது" என்பார். செல்லாத்தாள் போனைத் தாடையில் இடுக்கிக்கொண்டு இருட்டுக்குள் இறங்குவார்.

ஒரு நாள் கேட்டுவிட்டார். "ஏனுங்க, சொசைட்டில பால ஊத்துன ஒடனே டெஸ்ட் பண்ணிச் சீட்டுக் குடுத்தர்றாங்க. பாலு உசுருள்ள மாட்டுலருந்து வருது. இது ஒரு லைட்டு. இதுக்கு இத்தன நாளா?"

"அதுங்காட்டித்தான் அங்க பாலு பூராம் தண்ணியா இருக்குது" என்றார் அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் செல்லாத்தாள் பன்றிக் குழியில் காலை விட்டார்.

தென்னை மட்டை தெரிந்தது. மின்கம்பி தெரிந்தது. குழி தெரியவில்லை. ஒரு கேன் வாய்க்காலுக்குள் உருண்டது. இன்னொன்று மேட்டிலேயே கவிழ்ந்தது. பின்னால் தன் பாலைத் தூக்கிக்கொண்டு வந்த நாச்சம்மாள்தான் கையைப் பிடித்துத் தூக்கி, வீடு வரைக்கும் நடத்திக் கூட்டிவந்தார். கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

மோகனசுந்தரம் பதறிப்போனார். வெந்நீர் வைத்தார், தைலம் தேடினார், நாற்காலியை இழுத்துப் போட்டார். பரிசோதகருக்கு மனசு இல்லை என்று யார் சொன்னது? காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"குழி எம்முட்டுத் தூரத்துல இருக்கறப்ப உனக்குத் தெரிஞ்சுது?"

"காலு உள்ள போனப்பறம்."

"ம்." யோசித்தார். "அப்ப போன் லைட்டு செரியில்ல."

நாச்சம்மாளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "ஏனுங்கண்ணா, உங்க லைட்டு பாஸாயிருச்சுங்களா, இல்ல இன்னும் காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வெக்கறீங்களா?"

"இன்னும் பாக்கோணும் நாச்சம்மா. இப்பவே ஒண்ணுஞ் சொல்ல முடியாது."

"பாருங்க, பாருங்க. செல்லாக்காளுக்கு இன்னொரு காலு இருக்குது."

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? சத்தம் போடுவீர்கள். டார்ச்சைப் பிடுங்கி எடுத்துக்கொள்வீர்கள். அல்லது ஜின்சன் கடையில் இன்னொன்று வாங்கி வருவீர்கள். செல்லாத்தாளும் இதையெல்லாம் யோசித்தார். சத்தம் போட்டால் ஒரு வாரத்துக்கு இரண்டு பக்கமும் பேச்சு நிற்கும், பரிசோதனை நிற்காது. பிடுங்கினால் எடுத்துக்கொண்டு போகிற அன்றைக்கு சார்ஜ் இருக்காது. இன்னொன்று வாங்கினால், அய்யோ, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அது இந்த ஜென்மத்தில் முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பரிசோதகரோடு குடும்பம் நடத்தியவருக்கு இதெல்லாம் தெரியாதா?

வீக்கம் வடிகிற வரைக்கும் பால் நாச்சம்மாள் கையில் போனது. வடிந்த அன்றைக்குச் சாயங்காலம், சோற்றைப் போட்டுக்கொண்டே, டார்ச்சைப் பார்க்காமல் குழம்பைப் பார்த்துக்கொண்டு செல்லாத்தாள் சொன்னார்:

"சொவத்துல அடிச்சுப் பாத்தாச்சு, மரத்துல அடிச்சுப் பாத்தாச்சு. பனியில பாக்கவே இல்லியேங்க."

மோகனசுந்தரத்தின் கை சோற்றிலேயே நின்றது.

"பனியில வெளிச்சம் பொகையாட்ட நின்னுக்கும்னு சொல்றாங்க. அடி எங்க வெக்கறதுன்னே தெரியாதாமா. வாய்க்கா மேட்டுலதான் பனி ஜாஸ்தி. அதுவும் வெடியக்காலந்தான்."

"ஆமா" என்றார் மோகனசுந்தரம் மெதுவாக. "அதப் பாக்குல."

"நின்னுட்டுப் பாத்தா ஆகாது. நடந்துட்டே பாக்கோணும். நடக்கறப்பத்தான் கிளிப்பு நிக்குதா, ஆடுதான்னு தெரியும்."

"ஆமா, ஆமா."

"சும்மா கை வீசிட்டு நடந்தா ஆரு வேணாலும் நடப்பாங்க. கையில கனம் இருக்கோணும். கனத்தோட நடந்தாத்தான் ஒடம்பு குலுங்கும்."

மோகனசுந்தரம் மனைவியைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். இத்தனை காலம் இந்த வீட்டில் இப்படி ஒரு மூளை இருந்தும் பரிசோதனைக்குப் பயன்படாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டதாக அவரே பிற்பாடு ஜின்சன் கடையில் சொன்னார். அன்று கோழிக்கூடை கவிழவில்லை. டார்ச் முழு சார்ஜோடு உறங்கியது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் வாய்க்கால் மேட்டில் ஓர் ஊர்வலம் போனது. முன்னால் மோகனசுந்தரம், சட்டைப் பையில் டார்ச், இரண்டு கையிலும் பால். பின்னால் செல்லாத்தாள், தலையில் பனிக்குத் துண்டு கட்டிக்கொண்டு, வெறுங்கையாக. பின்னாலிருந்து பார்த்து வெளிச்சம் எப்படி விழுகிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமல்லவா? குழிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. "குழி. இடது பக்கம். விளிம்பு வரைக்குந் தெரியுது" என்று அவர் அறிவித்துக்கொண்டே போக, செல்லாத்தாள் வலது பக்கமாக நடந்தார். சொசைட்டியில் பாலை ஊற்றியதும் மோகனசுந்தரம் ஆவலாகத் திரும்பிக் கேட்டார்:

"எப்படி?"

செல்லாத்தாள் கொஞ்சம் யோசித்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"பரவால்லீங்க. ஆனா இன்னிக்குப் பனி கம்மி. நாளைக்கும் ஒருக்காப் பாக்கோணும்."

தன்னுடைய வாக்கியம் இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்கிறபோது பரிசோதகருக்குச் சந்தேகம் வராது. பெருமைதான் வரும்.

இப்படிப் பனிக்காலம் போனது. பனி போனபின் காற்றுக்காலத்தில் எப்படி என்று பார்க்க வேண்டியிருந்தது. காற்று போனபின் மழை. கிளிப் நின்றது, சார்ஜ் நின்றது, குறை மட்டும் கிடைக்கவில்லை. செல்லாத்தாளின் கணுக்கால் பழையபடி ஆனது; அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மோட்டார் ரூம் நகர்கிற வரைக்கும்.

தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு மோட்டார் ரூம் உண்டு. அன்றைக்கு டார்ச் வெளிச்சம் அதன்மேல் விழுந்தபோது, அது வழக்கத்துக்குக் கொஞ்சம் இப்பால் இருப்பதாக மோகனசுந்தரத்துக்குப் பட்டது. சாம்பல் நிறம், மேலே வளைவு. அப்புறம் மோட்டார் ரூம் காதை ஆட்டியது.

இருவரும் நின்றார்கள். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் மனிதனின் உண்மையான சுபாவம் வெளிப்படும் என்பார்கள். வெளிப்பட்டது.

"தும்பிக்கை வரைக்கும் சுத்தமாத் தெரியுது" என்று கிசுகிசுத்தார் மோகனசுந்தரம். "வாலு தெரியல."

"வாலப் பாக்கோணும்னா நீங்க சுத்திப் போய்ப் பாத்துட்டு வாங்க. பாலக் குடுத்துட்டுப் போங்க" என்றார் செல்லாத்தாள் அதே கிசுகிசுப்பில். "அணைங்க மொதல்ல. மொகத்துல அடிக்கக் கூடாதுன்னு ஃபாரஸ்ட் வாச்சர் சொல்லீருக்காரல்லோ."

மோகனசுந்தரம் கேன்களைக் கீழே வைத்துவிட்டு அமுக்கினார். மங்கியது. மறுபடி அமுக்கினார்.

மின்னத் தொடங்கியது.

ஒரு லைட்டில் மூன்று லைட் அல்லவா? ஆனை வந்தது, போனது, வந்தது, போனது. ஒவ்வொரு முறை வந்தபோதும் காது கொஞ்சம் அதிகமாக விரிந்திருந்தது. மோகனசுந்தரம் நடுங்குகிற விரலால் இன்னொரு முறை அமுக்கினார். விரல் நடுங்கினால் ஒரு அமுக்கு இரண்டாகும். அணைந்து, அணைந்த வேகத்திலேயே மறுபடி பளிச்சென்று எரிந்தது. மறுபடி மங்கல். மறுபடி மின்னல். ஆனை ஓரடி எடுத்து முன்னால் வைத்தது. ஓலை ஒன்று முறிந்தது.

செல்லாத்தாள் தலைத்துண்டை அவிழ்த்தார். கணவரின் சட்டைப் பையோடு சேர்த்து டார்ச்சைத் துண்டால் பொத்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். துண்டுக்குள்ளே அது மின்னிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே மோகனசுந்தரத்தின் நெஞ்சும் அடித்துக்கொண்டே இருந்தது. செல்லாத்தாளின் உள்ளங்கைக்கு இரண்டும் தெரிந்தன. இருட்டுக்குள்ளிருந்து ஒரு நீளமான மூச்சு வந்தது. அப்புறம் கனமாக எதுவோ திரும்புகிற சத்தம். அப்புறம் தோப்புக்குள் ஓலை முறிகிற சத்தம், தள்ளி, இன்னும் தள்ளி.

பாலில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

சொசைட்டி வாசலுக்கு வந்தபிறகுதான் மோகனசுந்தரத்துக்குப் பேச்சு வந்தது. முகம் வெளுத்திருந்தது; ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். அத்தனை மாசமாகத் தேடியது கிடைத்துவிட்டதே!

"கண்டுபுடிச்சுட்டேன். மின்னாம அணைக்க முடியாது. பாத்தியல்லோ? அணைக்கோணும்னா மின்னித்தான் அணையோணும். இது ஆகாது." டார்ச்சைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார். "இன்னையோட முடிஞ்சுது. பரணுல போட்டர்றேன்."

பால் சீட்டை வாங்கிக்கொண்டிருந்த செல்லாத்தாள் திரும்பினார். பரண் தெரிந்தது. பிளாஸ்க் தெரிந்தது, குடை தெரிந்தது. நாளை விடியற்காலையில் இரண்டு கையிலும் கேன், தாடையில் போன், வெளிச்சமெல்லாம் தென்னை மட்டையில். இப்போது அந்தப் பாதையில் குழி மட்டுமில்லை என்பதும் தெரிந்தாயிற்று.

செல்லாத்தாள் சீட்டை மடித்து இடுப்பில் சொருகினார். அவசரமே இல்லாமல் கேட்டார்:

"ஒரே ஆனைய வெச்சு முடிவு பண்ணிருவீங்களா?"

மோகனசுந்தரம் நின்றார்.

"அது கோவக்கார ஆனையா இருந்திருக்கும். சாதுவான ஆனைக்கு மின்னுனா ஒண்ணும் ஆகாம இருந்தாலும் இருக்கும். லைட்டு மேல தப்பா, ஆனை மேல தப்பான்னு பாக்காம..." செல்லாத்தாள் உதட்டைப் பிதுக்கினார். "எனக்கென்னமோ இப்பவே ஒண்ணுஞ் சொல்ல முடியாதுன்னு தோணுதுங்க."

மோகனசுந்தரம் கைக்குட்டைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொசைட்டிக்குப் பின்னால் கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் கைக்குட்டையை அவிழ்த்தார்.

"நீ சொல்றது நாயந்தான்" என்றார். "இன்னொரு ஆனை வரட்டும்."

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். டார்ச்சின் விலை என்ன, கம்பெனி எது, முழு சார்ஜில் சரியாக எத்தனை மணி நேரம் என்று நடுவில் எங்கேயாவது உங்களுக்குத் தோன்றியதா? விலையை நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பது உறுத்தியதா? மின்னாமல் அணைகிற மாடல் ஏதாவது இருக்குமே என்று கை தானாகப் போனை எடுத்ததா? அப்படியானால் தயவுசெய்து ஒருமுறை உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்துவிடுங்கள். வாளையாருக்கு நேரில் வந்து பார்க்கலாமென்ற யோசனை வேண்டாம். ஜின்சன் கடையில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை தொங்குகிறது: பொருள் பார்ப்பதற்காக ஷட்டர் இறக்கப்பட மாட்டாது.

மோகனசுந்தரமும் செல்லாத்தாளும் சௌக்கியமாக இருக்கிறார்கள். தினமும் விடிவதற்கு முன்னால் வாய்க்கால் மேட்டில் அவர் பாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறார், இவர் கை வீசிக்கொண்டு பின்னால் போகிறார். மாரியம்மனுக்குச் செல்லாத்தாள் என்னவோ வேண்டிக்கொண்டிருப்பதாக நாச்சம்மாள் சொல்கிறார். என்ன வேண்டுதல் என்று சொல்ல மறுக்கிறார்.

இரண்டாவது ஆனை இன்னும் வரவில்லை.